நாலால் பெருக்கினால்

மேங் கோச்சுக்கு எந்த மெஷின் மேலும் நம்பிக்கை கிடையாது. அவருடைய ஆட்கள் மைதானத்துப் படிக்கட்டில் ஐந்து முறை ஏறி இறங்கியதும் இரண்டிரண்டு பேராக நிற்க வேண்டும். ஒருவன் மணிக்கட்டை இன்னொருவன் பிடித்துக்கொள்வான். விசில் ஊதுவார். பதினைந்து நொடி கழித்து மறுபடி ஒரு விசில். எண்ணியதை நாலால் பெருக்கி, சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட நோட்டில் எழுத வேண்டும். உலகமே கைக்கடிகாரத்தில் நாடி பார்க்கிற காலத்தில் இதென்ன கூத்து என்று புதிதாக வருகிறவர்கள் முணுமுணுப்பார்கள்.

"கடிகாரம் தப்பா காட்டினா அதை நிக்க வெச்சுத் திட்ட முடியுமாடா? உங்களைன்னா திட்டலாம்" என்பார் மேங்.

க்வாக் ஜுன்மோவுக்கு எட்டு வருடமாக ஒரே ஜோடி, ஹா டேயுங். ஒரே நகராட்சி அணியில் சம்பளம், முகாம்களில் ஒரே அறை. டேயுங் மூன்று வயது மூத்தவன் என்பதால் அண்ணன்.

கொரியாவில் வில் பிடிப்பவனுக்கு உலகப் போட்டி பெரிய கண்டமே இல்லை. அதற்குப் போகும் மூன்று பேரில் ஒருவனாவதுதான் கண்டம். எட்டு மாதம், ஐந்து சுற்று, பனியிலும் மழையிலும் ஆயிரக்கணக்கான அம்புகள், கடைசியில் மூன்று பெயர்கள். நாலாவது ஆள் மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவான். உலகத்திலேயே நாலாவதாக நன்றாக எய்கிறவன் அவன்தான் என்பது அவன் பெண்டாட்டிக்கும் கோச்சுக்கும் மட்டும் தெரிந்திருக்கும். டேயுங் ஐந்து முறை நாலாவதாக வந்தவன். அதில் ஒருமுறை மூன்றாம் இடத்தைப் பிடித்தது ஜுன்மோ. வித்தியாசம் ஒரே ஒரு புள்ளி.

அன்று ஜுன்மோ அழுதான். டேயுங்தான் அவனைக் கடைக்கு இழுத்துப்போய்ப் பன்றிக்கறி சுட்டுக் கீரை இலையில் சுருட்டி வாயில் திணித்தான். "ஜெயிச்ச நீயே அழுதா தோத்த நான் என்னடா பண்றது? கறி தீயுது, சாப்பிடு."

இந்த வருடம் முப்பத்து மூன்று வயதில் டேயுங் இரண்டாவதாக வந்தான். ஜுன்மோ மூன்றாவது. உலகப் போட்டியும் சொந்த நாட்டிலேயே, யேச்சோனில். வில்லைத் தவிர வேறு பேச்சே தெரியாத ஊர் அது. டேயுங்கின் மனைவி ஹேரான் வேலைக்குப் போகும் வழியில் இருக்கிற கடைக்காரர்களுக்கெல்லாம் அரிசிப் பலகாரம் கொடுத்தாள். அவளும் ஒரு காலத்தில் மேங்கிடம் எய்தவள்தான். தோள் போய் விட்டுவிட்டாள்.

பட்டியல் வெளியாகி ஒன்பதாம் நாள் அண்ணனும் தம்பியும் பொதுக்குளியல் கூடத்துக்குப் போனார்கள். சின்ன முக்காலியில் டேயுங் உட்கார்ந்திருக்க, ஜுன்மோ சொரசொரப்பான பச்சைத் துணியால் அவன் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் அழுத்துடா. கண்ணாடி துடைக்கிறியா, முதுகு தேய்க்கிறியா? உன் கைக்கு..."

பேச்சு பாதியில் நின்றது. தலை முன்னால் போய்ச் சுவர் ஓட்டில் இடித்தது. ஜுன்மோ புரட்டிப் பார்த்தான். கண் பாதி திறந்திருந்தது, உள்ளே வெள்ளை. பழக்கதோஷம், கை தானாகப் போய் மணிக்கட்டைப் பிடித்தது. ஒன்று. அப்புறம் ஒன்றுமில்லை. அடுத்த துடிப்பு வருவதற்குள் அவன் மனசுக்குள் நாலு வரை எண்ணிவிட்டான்.

டேயுங் கண்ணைத் திறந்தான். "சோப்பு வழுக்கிடுச்சு."

"உக்காந்துதானே இருந்தீங்க அண்ணே?"

"உக்காந்துகிட்டே வழுக்கினேன். ஏன், கூடாதா?"

யாருக்கும் முகம் தெரியாத பக்கத்து ஊரில் ஒரு டாக்டரைப் பார்த்தார்கள். மூன்று நாள் மார்பில் ஒட்டியிருந்த கருவியைப் பிரித்து, டாக்டர் நீளத் தாள் ஒன்றை மேசையில் விரித்தார். மேடு பள்ளமாக ஓடிய கோடு ஓரிடத்தில் தட்டையாகக் கிடந்தது. நாலே முக்கால் நொடி. ஜனவரியில் அணியில் எடுத்த பரிசோதனையில் இது வரவில்லை. கெட்டுப்போன இதயம் பரிசோதனை நாள் பார்த்தா தவறும்?

"தாளம் போடற இடம் தளர்ந்துபோச்சு. ஓடினாலும் துடிப்பு ஏற மாட்டேங்குது, நடுவுல நடுவுல நின்னும் போகுது. சின்னப் பெட்டி ஒண்ணு உள்ள வெச்சுட்டா பேரன் கல்யாணம் வரைக்கும் பார்க்கலாம்" என்றார் டாக்டர்.

"எந்தப் பக்கம் வைப்பீங்க?"

"இடது பக்கம், தோள் எலும்புக்குக் கீழே."

டேயுங் தன் இடது மார்பைத் தடவினான். வில்லை இழுத்தால் நாண் படிகிற இடம் அது. பதினெட்டு வருடம் உரசி உரசித் தோல் காய்த்துப்போயிருந்தது.

"வலது பக்கம்?"

"அந்தக் கையால என்ன வேலை பண்ணுவீங்க?"

"இருபது கிலோவுக்கு மேல இழுப்பேன். ஒரு நாளைக்கு நானூறு தடவை."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு மாசத்துல பெட்டியிலிருந்து இதயத்துக்குப் போற கம்பி அறுந்துடும். பெட்டி வேணும்னா வில்லை வெச்சுடணும் தம்பி."

சிகிச்சையைத் தள்ளிப்போடுவதால் உயிருக்கே ஆபத்து என்பது எனக்குத் தெரியும் என்று அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். டேயுங் கையெழுத்துப் போட்டான். கீழே, உடன் வந்தவர் என்ற இடத்தில் ஜுன்மோ போட்டான். பேனா வரவில்லை, இரண்டு முறை கிறுக்கிப் பார்த்துவிட்டுப் போட்டான்.

காரில் சண்டை.

"அண்ணிகிட்டயாவது சொல்லுங்க."

"அவகிட்ட சொன்னா என்னை வீட்டுத் தூண்ல கட்டிப் போட்டுருவா."

"நான் சொல்லிடுவேன்."

டேயுங் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "அஞ்சு தடவை நாலாவதா வந்தேன்டா. ஒரு தடவை உன்னால."

இத்தனை வருடத்தில் அவன் அதைச் சொன்னதே இல்லை.

"செப்டம்பர்ல போட்டி கடைசி நாள் ஞாயித்துக்கிழமை. ஜெயிச்சாலும் தோத்தாலும் திங்கக்கிழமை காலைல ஒன்பது மணிக்கு வந்து படுத்துக்கறேன். நேரம் வாங்கிட்டேன், நீ பார்த்தேல்ல? அதுவரைக்கும் வாயை மூடிட்டு இரு, போதும்."

ஜுன்மோ வாயை மட்டும் மூடிக்கொண்டிருந்தால் போதவில்லை, கையும் பொய் சொல்ல வேண்டியிருந்தது. படி ஏறி இறங்கி வந்ததும் மற்றவர்களுக்கு நாடி நூற்று ஐம்பதுக்கு மேல் அடிக்கும். டேயுங்கின் மணிக்கட்டில் பதினைந்து நொடிக்குப் பதினேழு வரும், பதினெட்டு வரும். ஜுன்மோ நோட்டில் நூற்று நாற்பத்தெட்டு என்று எழுதினான். மறுநாள் நூற்று ஐம்பத்திரண்டு. அதே எண் திரும்பத் திரும்ப வராமல் பார்த்துக்கொண்டான். அதில்கூட அவனுக்கு ஒரு சாமர்த்தியம் வந்துவிட்டது.

செப்டம்பரில் போட்டி தொடங்கியது. எய்கிறவர் முகத்தைப் பார்த்தே நாடியை எண்ணிவிடும் கேமராவைக் கோட்டருகே வைத்திருந்தார்கள். பெரிய திரையில் ஆளின் முகத்துக்குப் பக்கத்தில் அந்த எண் ஓடும். சும்மா நின்று அம்பு விடுகிற விளையாட்டை ஜனங்கள் கொட்டாவி விடாமல் பார்க்க வேண்டுமே, அதற்குத்தான். எதிரே நிற்கிறவனுக்கு நூற்று முப்பது, நூற்று நாற்பது என்று குதிக்கும். டேயுங்குக்கு ஐம்பத்தெட்டு. வர்ணனையாளருக்கு மூச்சு முட்டியது. "பாருங்கள், ஐம்பத்தெட்டு! இவர் மனிதரா, பாறையா?" இரண்டாம் நாளே பத்திரிகையில் பாறை என்று பட்டம் வந்துவிட்டது. ஒரு காப்பிக் கடைக்காரர் வாசலில் எழுதி ஒட்டினார்: பாறை மாதிரி நிற்க எங்கள் காப்பி.

"நான் காப்பியே குடிக்கிறதில்லைடா" என்று டேயுங் சிரித்தான். ஜுன்மோவுக்குச் சிரிப்பு வரவில்லை. அரங்கில் இருந்த ஆயிரம் பேர் ஒரு வியாதிக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் ஒருவனுக்குத்தான் அது தெரியும்.

தன் ஆட்டத்தைவிட அண்ணனின் எண்ணைத்தான் அவன் அதிகம் பார்த்தான். அப்படியும் ஒவ்வொருவராகக் கழற்றிவிட்டு முன்னேறினான். அரையிறுதியில் டேயுங் ஒரு பிரெஞ்சுக்காரனையும், ஜுன்மோ ஒரு துருக்கிக்காரனையும் வென்றார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் தங்கத்துக்கு மோத வேண்டியவர்கள் அண்ணனும் தம்பியும்.

பெட்டியிலிருந்து வில்லை எடுத்துப் பூட்டும்போது டேயுங் சொன்னான், "விட்டுக் கொடுக்கறேன்னு ஏதாவது அசிங்கம் பண்ணினே, நாளைக்கு ஆஸ்பத்திரில உன்னைத்தான் படுக்க வைப்பாங்க."

"உங்களுக்கு விட்டுக் கொடுக்க நான் என்ன கேனையா?"

"அது! அப்படிப் பேசு."

ஒரே நாட்டுக்காரர்கள் இருவர் மோதினால் கோச் யார் பின்னாலும் நிற்கக் கூடாது என்பது கொரியர்களின் வழக்கம். ஒருவனுக்குச் சொல்லிக்கொடுத்தால் இன்னொருவனுக்குத் துரோகம். மேங் மேலே கூட்டத்தோடு கூட்டமாகப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கோட்டில் இருவர், நாலடி தள்ளிச் சிவப்புச் சட்டை நடுவர். டேயுங்குக்குப் பின்னால் காலி நாற்காலி ஒன்று மட்டும் இருந்தது.

ஐந்து செட் முடிந்தபோது ஐந்துக்கு ஐந்து. இனி ஆளுக்கு ஓர் அம்பு. இருவரும் ஒரே புள்ளி எடுத்தால் யார் அம்பு நடுவுக்குக் கிட்டத்தில் இருக்கிறதோ அவனுக்குத் தங்கம். ஓர் அம்புக்கு இருபது நொடி.

முதலில் டேயுங். இழுத்தான், நாண் இடது மார்பில் படிந்தது, விட்டான். பத்து. நடுவிலிருந்து கொஞ்சம் வலது. கூட்டம் எழுந்து கத்தியது. ஜுன்மோவின் கடிகாரம் ஓடத் தொடங்கியது. இருபது, பத்தொன்பது.

அவன் திரையைப் பார்த்தான். இலக்கைப் பார்க்க வேண்டிய நேரத்தில், ஐந்து மாதப் பழக்கத்தில், அண்ணனின் எண்ணைப் பார்த்தான். ஐம்பத்தொன்று. நாற்பது. முப்பத்து மூன்று. அப்புறம் எண் போய் இரண்டு சின்னக் கோடுகள் வந்தன.

யாரும் பதறவில்லை. எய்கிறவர் முகத்தைத் திருப்பினால் கேமராவுக்கு எண் தவறிப் போகும், நாலு நாளாக எல்லாரும் பார்த்ததுதான். ஆனால் டேயுங் முகத்தைத் திருப்பியிருக்கவில்லை. நேராக நின்றுகொண்டிருந்தான். வில் அவன் கையில் இல்லை, விரலில் கட்டிய கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கால் மெல்லக் கோட்டைத் தாண்டி நகர்ந்தது.

ஜுன்மோவுக்கு எல்லாம் தெரிந்தது. தெரியவில்லை என்று அவன் பிற்பாடு தனக்குத் தானே எத்தனை முறை சொல்லிப் பார்த்தாலும், அந்த நொடியில் தெரிந்தது. கையைத் தூக்கி ஓரடி பின்னால் வந்தால் போதும், நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிடுவார். அண்ணே என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

நிறுத்தினால் அவரே என்னைக் கொன்னுடுவார் என்று ஒரு யோசனை. குளியல் கூடத்தில் தானாகத்தானே எழுந்தார், பத்தே நொடி, அம்பை விட்டுவிட்டு அவரிடம் ஓடிவிடலாம் என்று இன்னொரு யோசனை. மூன்றாவதாக ஒன்று இருந்தது, அதை யோசனை என்றுகூடச் சொல்ல முடியாது. காற்று அடங்கியிருந்தது. வலது பக்கம் கொஞ்சம் இடம் விட்டு நிற்கும் அந்த அம்பைத் தன்னால் தாண்ட முடியும் என்று அவன் விரல்களுக்குத் தெரிந்தது. அவனுக்கு அந்தத் தங்கம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இழுத்தான். விட்டான். கடிகாரத்தில் ஒன்பது நொடி மிச்சமிருந்தது.

பத்து.

எந்தப் பத்து கிட்டத்தில் என்று அளக்க, நடுவர்கள் அளவுகோலை எடுத்துக்கொண்டு இலக்குக்குப் போனார்கள். கோட்டருகே நின்ற சிவப்புச் சட்டை நடுவர் உட்பட ஆயிரம் பேரின் கண்ணும் எழுபது மீட்டர் தள்ளி இருந்தது. டேயுங் முழங்காலில் உட்கார்ந்தான். பிரார்த்தனை செய்கிறார் என்றார் வர்ணனையாளர். முன்வரிசையில் இருந்த சில பெண்கள் அவனைப் பார்த்துத் தாங்களும் கைகூப்பினார்கள். தோற்கப்போகிறவன் அழுதால் முகத்தைக் காட்டுவது மரியாதையில்லை என்று கேமராவும் நகர்ந்துவிட்டது. ஓடிவிடலாம் என்று நினைத்தவன் ஓடவில்லை. ஜுன்மோவும் இலக்கைத்தான் பார்த்தான்.

அளந்து முடிக்க ஒரு நிமிடம் நாற்பது நொடி ஆனது. க்வாக் ஜுன்மோ, இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசத்தில். பேர் சொன்ன பிறகுதான் திரும்பினான். டேயுங் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தான். மேங் மேலேயிருந்து ஓடி வந்தார், படியில் தடுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி ஓடி வந்தார். அவர் அணைக்க வருகிறார் என்று நினைத்துக் கூட்டம் இன்னும் பலமாகக் கைதட்டியது.

ஆம்புலன்ஸ் ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போதே எல்லாம் முடிந்துவிட்டது.

மூன்றாம் நாள் சாவுக்கூடத்தில் கருப்பு நாடா கட்டிய படத்தில் டேயுங் அணிச் சட்டையோடு சிரித்துக்கொண்டிருந்தான். ஜுன்மோ படத்துக்கு இரண்டு முறை தரையில் விழுந்து வணங்கினான். ஹேரானுக்கு ஒரு முறை. அவளுக்குக் கருப்பு உடை, தலையில் வெள்ளைத் துணிப்பூ. அவளும் குனிந்து வணங்கினாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

உள்ளே தாழ்ந்த மேசைகளில் காரமான மாட்டுக்கறி சூப்பும் சோறும் வந்துகொண்டிருந்தன. மேங் நெற்றியில் பிளாஸ்திரியோடு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். சோஜு சாராயப் புட்டி பாதி காலி. எதிரே யார் வந்து உட்கார்ந்தாலும் அதையே சொன்னார்.

"நோட்டுல எல்லாம் சரியாத்தானேப்பா இருந்துச்சு. நூத்தி நாப்பத்தெட்டு. நூத்தி அம்பத்திரண்டு. நான் தினமும் பார்ப்பேனே. மெஷின் இல்லையே அது, மனுஷன் தொட்டுப் பார்த்து எழுதினதாச்சே." ஜுன்மோவைப் பார்த்ததும் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "நீதானேடா எழுதினே? சரியாத்தானே எழுதினே?"

ஜுன்மோ தலையாட்டினான்.

"தம்பி, கொஞ்சம் வாங்க." ஹேரான் பின்னால் நின்றிருந்தாள்.

பக்கத்தில் துக்க வீட்டார் படுத்து எழுகிற சின்ன அறை. போர்வைகள் மடித்து வைத்திருந்தன, சுவரில் ஒரு கடிகாரம். அவள் கதவைச் சாத்திவிட்டு மடித்த தாள் ஒன்றைப் பிரித்தாள்.

"அவரோட வில் பெட்டில இருந்துச்சு. இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா அண்ணி."

"சரி. அவர் கெஞ்சியிருப்பார். இல்ல, உங்க வாயை அடைக்கிற மாதிரி ஏதாவது சொல்லியிருப்பார். எனக்கு என் புருஷனைத் தெரியாதா? அதை விட்டுடறேன்." தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "எனக்கு வேற ஒண்ணு தெரியணும்."

போனை எடுத்தாள். கடைசி அம்பின் வீடியோ. எத்தனை தடவை பார்த்திருப்பாளோ, விரல் சரியான இடத்தில் போய் நிறுத்தியது. திரையின் ஒரு பாதியில் டேயுங், பக்கத்தில் இரண்டு கோடுகள். மறுபாதியில் ஜுன்மோ.

"இதுக்கு முந்தின நொடி வரைக்கும் உங்க நம்பர் தொண்ணூத்தெட்டு. இப்போ பாருங்க. நூத்தி முப்பத்தொண்ணு. நூத்தி அறுபத்திமூணு. கடைசி அம்போட படபடப்புன்னு டிவில சொல்றாங்க."

"ஆமா அண்ணி. கடைசி அம்புன்னா..."

"நானும் எய்தவதான் தம்பி. அந்தப் பயம் இழுக்கும்போது வரும். உங்க வில் இன்னும் கீழ இருக்கு பாருங்க." அவள் குரல் ஏறவேயில்லை. "நான் யார்கிட்டயும் போய்ச் சொல்லப்போறதில்ல. உங்க தங்கத்தை யாரும் பிடுங்கவும் மாட்டாங்க. நீங்க என்ன சொன்னாலும் நம்பிட்டுப் போயிடறேன். அந்தக் கோட்டைப் பார்த்தீங்களா, இல்லையா?"

வெளியே யாரோ புதிதாக வந்து அழும் சத்தம் கேட்டது. பார்த்தேன் என்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஜுன்மோ வாயைத் திறந்தான்.

"பார்க்கல அண்ணி. இலக்கைத்தான் பார்த்தேன்."

ஹேரான் அவன் கையை எடுத்தாள். ஆறுதல் சொல்லப்போகிறாள் என்று ஒரு கணம் நினைத்தான். அவள் விரல்கள் நகர்ந்து, மேங் சொல்லிக்கொடுத்த இடத்தில், கட்டைவிரலுக்குக் கீழே அழுந்தின. பார்வை சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. அவன் கையை இழுத்துக்கொண்டிருக்கலாம். முடியவில்லை. நொடிமுள் மூன்றிலிருந்து ஆறுக்கு வரும் வரை இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.

"நாப்பத்தொண்ணு" என்றாள்.

கையை விட்டாள். கதவைத் திறந்து, புதிதாக வந்தவர்களுக்கு வணங்கப் போய்விட்டாள். பெருக்குவதை அவனிடமே விட்டுவிட்டாள். ஜுன்மோ பெருக்கிப் பார்த்தான். நூற்று அறுபத்து நாலு, டிவியில் காட்டியதைவிட ஒன்று அதிகம்.